ஆமை நோம்ஃபுசியின் நட்சத்திரம்

எங்கள் நோம்ஃபுசியை ஆமை என்று கூப்பிடுவார்கள். கூப்பிடட்டுமே! கேப் டவுனின் தென்கிழக்குக் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளினாலும் அவள் நடை மாறாது. அவளுக்கு எதிர்மேசையில் வருடக்கணக்காக உட்கார்ந்திருப்பவள் நான், எனக்குத் தெரியாதா?

எக்ஸ் கதிர் நட்சத்திரங்கள்தான் எங்கள் பிழைப்பு. துணை நட்சத்திரத்தின் வாயுவை இழுத்து விழுங்கும் நியூட்ரான் நட்சத்திரம் சுழலச் சுழல, அதன் கதிர் கூடிக் குறையும். பெரும்பாலானவை சில நொடிகளிலோ நிமிடங்களிலோ ஒரு சுற்றை முடித்துவிடும். நோம்ஃபுசி பிடித்ததோ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று!

எங்கள் தலைவர் ஸோலிலே விழுந்து விழுந்து சிரித்தார். அதைப் பார்த்த செயற்கைக்கோளும் ஏறக்குறைய ஒன்றரை மணியில்தான் பூமியைச் சுற்றுகிறது. செயற்கைக்கோளின் சுற்றை நட்சத்திரத்தின் சுற்றென்று நம்புவது, எங்கள் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி.

"ஏ ஆமை, அது நட்சத்திரம் இல்ல, நம்ம செயற்கைக்கோள் சுத்துறது! கட்டுரையிலேருந்து தூக்கிரு. ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் ஐயா. ரெண்டும் ஒண்ணு இல்ல, கொஞ்சம் வித்தியாசம் இருக்கு."

"உன் பிடிவாதத்தால எல்லார் பேரும் நாறும். அடுத்த கூட்டத்துல நிரூபி, இல்லேன்னா தூக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவளோ எண்ணெயில் பொரித்த அமக்வின்யா உருண்டையைப் பிய்த்துத் தின்றுகொண்டே ஐரோப்பியக் குழுவுக்குத் தரவு கேட்டு எழுதினாள். அவர்களுடைய செயற்கைக்கோள் ஒருமுறை சுற்ற இரண்டு நாள் ஆகும். அதில் பார்த்தால், பொய்த் துடிப்பு காணாமல் போய்விடும். மெய்த் துடிப்பு அப்படியே இருக்கும்.

"காணாமப் போயிட்டா என்னடி பண்ணுவ?" என்றேன்.

"நானே தூக்கிருவேன். பொய்யைக் கட்டிக்கிட்டு அழ முடியுமா?"

கூட்டத்துக்கு முந்தின நாள்தான் தரவு வந்தது. எனக்குக்கூடக் காட்டவில்லை, கல்நெஞ்சக்காரி. மறுநாள் எல்லோர் முன்னாலும் திரையில் போட்டாள். மேடு, பள்ளம், மறுபடி மேடு. அதே ஒன்றரை மணி, அதே நிதானம்.

ஸோலிலே எழுந்தார். ஒருவரை மனதார மதித்தால் எங்கள் இனத்தில் குலப்பெயரையும் குல முன்னோர் பெயர்களையும் சொல்லித்தான் அழைப்போம். இத்தனை வருடத்தில் அவளுடைய குலப்பெயர் அவர் வாயில் வந்ததே இல்லை.

"மாம்க்வாதி!" என்றார், கை தூக்கி. "டிகேலா! நோனி! குழியில விழுந்தது நான்தான், தாயி."

பெண்களெல்லாம் குலவையிட்டோம். பெருமையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நோம்ஃபுசி மெதுவாக எழுந்தாள்.

"இனிமே அந்த நட்சத்திரத்தை ஆமைன்னு கூப்பிடுங்க ஐயா," என்றாள். "எனக்குத்தான் என் பேரு கிடைச்சிருச்சே."