ஒற்றைக் கட்சிக் காலத்தில் எனக்கு ஓட்டு இருந்த ஊர்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு அட்டை. 2025 ஜனவரிக் கடைசியில் பேர்லின் நொய்கெல்னில் எங்கள் தபால்பெட்டிக்குள், பிட்சாக் கடை விளம்பரங்களுக்கு நடுவே அது கிடந்தது: பாராளுமன்றத் தேர்தலுக்கான வாக்காளர் அட்டை, என் பெயரில். ஜேர்மனிக்கு வந்து முப்பத்தேழு வருடம். எத்தனை அன்ட்ராக் என்ற விண்ணப்பம், எத்தனை டெர்மின் என்ற சந்திப்பு நேரம் என்று நான் எண்ணுவதை விட்டே கனகாலம். போன இலையுதிர் காலத்தில்தான் குடியுரிமை கிடைத்தது. மனைவி மங்களாவின் விண்ணப்பம் இன்னும் ஏதோ ஒரு மேசையில் தூங்குகிறது. அவள் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கோ உந்தத் துள்ளல்?" என்றாள்.

ஆனால் ஜேர்மன் மண்ணில் இது என் முதல் ஓட்டு இல்லை. முதல் ஓட்டை 1989இல், கிழக்கு ஜேர்மனி என்று ஒரு நாடு இருந்தபோது போட்டேன். இடதுசாரிக் குடும்பத்துப் பொடியன் என்பதால் கட்சிச் சிபாரிசில் யாழ்ப்பாணத்திலிருந்து தொழில் படிக்க வந்தவன் நான். நூற்பு இயந்திரம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் விட்டார்கள். அந்த வசந்தத்தில், வெளிநாட்டவரும் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று அரசு சட்டம் போட்டது. ஒரு கட்சி ஆண்டபோது எனக்கு ஓட்டு இருந்தது. பல கட்சி வந்ததும், நீ வெளிநாட்டான் என்று ஓட்டைப் பிடுங்கிவிட்டார்கள். இதை நான் சொன்னால் பேர்லினில் படித்தவர்களே நம்புவதில்லை.

அந்தத் தொழிற்சாலையில் எங்கள் குழுத் தலைவி ரெனாத்தே. ஒவ்வொரு நத்தாருக்கும், கிறிஸ்மஸுக்கு, எங்களுக்குள் வாழ்த்து மட்டை போய்வரும். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டா. அட்டையைக் கொண்டுபோய் அவவுக்குக் காட்டவேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. தேர்தலுக்கு இரண்டு கிழமை முன்னர், பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம்.

ஊரின் பெயரைக் கேட்டு யாரும் எழுதவேண்டாம், சொல்லமாட்டேன். லைப்சிக்குக்குத் தெற்கே உள்ள சின்ன ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், போகும் வழி எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கடுகதி ரயிலில் பேர்லினிலிருந்து லைப்சிக் ஒன்றேகால் மணி நேரம். எங்களிடம் இருந்த மாதம் 58 யூரோ ஜேர்மனி டிக்கெட் சாதாரண ரயிலுக்குத்தான் செல்லும் என்பதால் மங்களா அதற்குச் சம்மதிக்கவில்லை. காலை 6.50க்கு ஸூட்குரொய்ஸ் நிலையத்தில் ஏறி, வழியில் ஒரு தடவை மாறி, 9.35க்கு லைப்சிக். நிலையத்தில் கோப்பி 3 யூரோ 40, கழிப்பறை 1 யூரோ. இரண்டையும் ரயிலிலேயே முடித்துக்கொள்வது புத்தி. 9.58க்குச் சின்ன ரயில், ஐம்பத்து மூன்று நிமிடம்.

அந்தச் சின்ன ரயிலில்தான் பழையது எல்லாம் கிளம்பியது. அன்று தொழிற்சாலை இடைவேளையில் ரெனாத்தே என்னிடம் தணிந்த குரலில் கேட்பா, உங்கள் நாட்டில் எத்தனை கட்சி என்று. யானை, கை, சூரியன், நட்சத்திரம் என்று சின்னங்களைச் சொல்வேன். அவவுக்கு அது பெரிய வேடிக்கை. இங்கும் பத்துக் கட்சி வந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்வா. பத்துப் பேர் வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்களாம், அவ கதவை அரைவாசி திறந்து வைத்து, யோசித்துச் சொல்கிறேன் என்பாவாம். நானும் கூடச்சேர்ந்து சிரிப்பேன். பல கட்சி உள்ள நாட்டில் வீடு எரிந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவன், ஒற்றைக் கட்சி நாட்டில் குந்தியிருந்து பல கட்சியின் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். நினைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

10.51க்கு இறங்கினோம். ஊருக்கு இன்னும் 11 கிலோமீட்டர். சனி ஞாயிறில் இங்கே பஸ் தானாக வராது, ஒரு மணித்தியாலத்துக்கு முன்னரே தொலைபேசியில் கூப்பிடவேண்டும். அது எனக்குத் தெரியாது. அங்கிருந்தே கூப்பிட்டுவிட்டு மைனஸ் மூன்றில் ஐம்பத்தைந்து நிமிடம் நின்றோம். மங்களா சால்வையால் தலையைச் சுற்றிக்கொண்டு, "பேர்லினிலை இருந்து கூப்பிட்டிருக்க ஏலாதோ?" என்று மூன்று தடவை கேட்டாள். ஒன்பது பேர் இருக்கக்கூடிய சின்ன வண்டி வந்தது. ஆளுக்கு 2 யூரோ மேலதிகம்.

வழி முழுக்க விளக்குக் கம்பங்களில் தேர்தல் பதாகைகள், ஒரு கம்பத்தில் நாலைந்து முகம். ஆக உயரத்தில், ஏணி வைத்தால்தான் எட்டும் இடத்தில், ஒரே கட்சியின் பதாகை: "நாடு எங்களுக்கு. மற்றவர்கள் வீட்டுக்கு." சாரதியிடம், உங்கள் ஊரில் எல்லாக் கட்சியும் இருக்கிறது போல என்றேன். "கட்சி இருக்கு. பஸ்தான் இல்லை," என்றார்.

ரெனாத்தே இரண்டாம் மாடியில், அதே பழைய தொழிலாளர் குடியிருப்பில்தான் இருக்கிறா. கட்டிப்பிடித்து, கேக் வெட்டி, மங்களா கொண்டுவந்த ரோல்ஸை உறைக்குது உறைக்குது என்று சொல்லிக்கொண்டே மூன்று சாப்பிட்டா. பேசியது ஜேர்மனில், நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தா. சிரிப்பா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கவில்லை.

"அண்டைக்கு மறைப்புக்குள்ளை போய் நீ என்ன செய்தனி?" என்று கேட்டா.

இதை வாசிப்பவர்களுக்கு அந்த நாட்டு வழக்கத்தைச் சொல்லவேண்டும். வாக்குச் சாவடியில் ஒரே ஒரு பெயர்ப் பட்டியல் தருவார்கள். அதை எல்லார் முன்னாலும் மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வரவேண்டும். பேனையே வேண்டாம். சனங்கள் வாக்களிக்கப் போகிறோம் என்று சொல்வதில்லை, மடிக்கப் போகிறோம் என்பார்கள். மூலையில் ஒரு மறைப்பு இருக்கும், ஆனால் அதற்குள் போகிறவன் பெயரை வெட்டத்தான் போகிறான் என்று அர்த்தம். எனக்கு இது ஒன்றும் தெரியாது. என் அப்பா ஆசிரியர், ஊரில் தேர்தல் கடமைக்குப் போகிறவர். மட்டை மறைப்புக்குள் நின்று போடுவதுதான் ஓட்டு என்று அவரைப் பார்த்து வளர்ந்தவன் நான். ரெனாத்தே எங்கள் குழுவை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனா. நான் பட்டியலை வாங்கிக்கொண்டு நேரே மறைப்புக்குள் போய்விட்டேன்.

"பேருகளை வாசிச்சனான்," என்றேன். "வேறை ஒண்டும் செய்யேல்லை. வாசிச்சுப்போட்டு மடிச்சுப் போட்டனான்."

"அண்டைக்கும் இதைத்தான் சொன்னனி. நான் நம்பினனான். அவங்கள் நம்பேல்லை."

அடுத்த மாதம் அவவைக் குழுத் தலைமையிலிருந்து எடுத்துக் களஞ்சியத்தில் போட்டது எனக்குத் தெரியும். நாரி நோ, இடுப்பு வலி என்று என்னிடம் சொல்லியிருந்தா. தெரியாதது, மகன் ஃப்ராங்கின் விஷயம். அவனுக்குக் கப்பல் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஆட்களை ஒழுங்காகக் கூட்டிவரத் தெரியாத தாயின் மகன் என்று அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். இலையுதிர் காலத்தில் அரசே விழுந்தது. அதற்குள் அந்த இடத்தில் வேறொருவன் இருந்தான். பிறகு தொழிற்சாலையும் மூடியது. இரண்டு நிமிடம் நான் பெயர் வாசித்ததற்கு விலை இது.

ஏன் இத்தனை வருடமாகச் சொல்லவில்லை, ஃப்ராங்குக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாது. உங்கடை ஆக்களைப் பற்றிக் குறை சொல்ல அவனிட்டை ஏற்கெனவே காரணங்கள் கனக்க இருக்கு. நானும் ஒண்டைக் குடுக்க விரும்பேல்லை. நீயும் சொல்லாதை."

என்ன சொல்கிறா என்று விளங்க எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. மூன்றரைக்கு ஃப்ராங்க் வந்தான். ஐம்பத்து நாலு வயதுக்காரன், வீடுகளுக்கு வெப்பமூட்டி பொருத்தும் தொழில். தாயின் நண்பர்கள் என்று மரியாதையாகக் கைகொடுத்தான். பஸ்ஸுக்கு நிற்கவேண்டாம், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று மங்களாவின் பையைத் தானே தூக்கினான். வண்டியின் பின் இருக்கையில் அரைவாசி இடத்தில் பதாகைகள். மேலே இருந்ததை மங்களா வாசித்தாள்: நாடு எங்களுக்கு. கூரையில் ஏணி கட்டியிருந்தது.

பதினொரு கிலோமீட்டர், பதினாலு நிமிடம். வேலை செய்து வரி கட்டுகிற உங்களைப் போன்றவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று அவனாகவே சொன்னான். அப்படியென்றால் யாரை என்று நான் கேட்கவில்லை. உன் கப்பலைக் கவிழ்த்தவன் நான்தான் என்றும் சொல்லவில்லை. ரெனாத்தே கேட்டுக்கொண்டதற்காக என்று இப்போது எழுதலாம். பயத்தில் என்பதுதான் சரி.

நிலையத்தில் கைகொடுக்கும்போது, நான் இந்த முறை வாக்களிப்பதாகத் தாய் சொன்னா என்றான். "நல்லது. ஆனால் தபாலிலை போடாதேங்கோ, தபாலிலை என்னவும் செய்வாங்கள். நேரை போங்கோ. மறைப்புக்குள்ளை நிண்டு ஆறுதலாப் பாத்துப் போடுங்கோ."

ரயில் லைப்சிக் தாண்டியபிறகுதான் மங்களா, "நல்ல பொடியன்," என்றாள், அதுவும் கோபத்தோடு.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பஸ்ஸை முதல்நாளே கூப்பிட்டு எழுதி வையுங்கள். சனி பின்னேரம் கடைகள் நேரத்தோடு பூட்டிவிடும், சாப்பாடு கொண்டுபோங்கள். பேர்லினுக்குக் கடைசி வசதியான சின்ன ரயில் 17.06, அதை விட்டால் வீடு வர நடுச்சாமம். சனங்கள் மோசமா என்று கேட்கிறவர்களுக்கு: எங்கள் பையைத் தூக்கி, ரயில் வரும்வரை குளிரில் கூட நின்றார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. கத்தியிருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக வந்திருப்பேன்.

தேர்தல் ஞாயிறு, நொய்கெல்னில் பக்கத்துப் பள்ளிக்கூடம். சாவடி எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை, அடையாள அட்டை போதும். வகுப்பறை மேசையில் மட்டை மறைப்பு, அப்பாவின் காலத்தில் இருந்ததைப் போலவே. என் ஓட்டும் ஃப்ராங்கின் ஓட்டும் ஒன்றையொன்று கழித்துவிடும். கதவடியில் மங்களா நின்றாள்.

"என்னப்பா, உள்ளுக்கை இவ்வளவு நேரம் என்ன செய்தனீங்கள்?"

"பேருகளை வாசிச்சனான்," என்றேன். ஃப்ராங்கின் கட்சியும் அந்தப் பட்டியலில் இருந்தது. அந்தப் பெயருக்கு முன்னால்தான், ஃப்ராங்கின் கப்பலை நினைத்துக்கொண்டு, கனநேரம் நின்றேன்.