பிரயூன் கும்பிடும் சாவி

என் புருஷனுக்குப் பேச வராது. கல்யாணமான புதிதில் அதைப் பொறுமை என்று நினைத்து ஏமாந்துபோனேன். பொறுமையுமில்லை மண்ணாங்கட்டியுமில்லை, மனிதருக்கு வாயில் வார்த்தை வராது, அவ்வளவுதான். எங்கள் ஊர் சோங் சந்தைக்குப் பின்புறம் அவருடைய கார் பட்டறை, அதை ஒட்டினாற்போல் என் நூடுல்ஸ் கடை. வண்டிக்காரர்களிடம் பேசுவது, சமாதானம் சொல்வது, சண்டை போடுவது எல்லாம் நான். "பிரயூன்!" என்று யாராவது கத்தினால் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு "ம்" வரும்.

அவரிடம் ஒரு பழக்கம். எந்த வண்டி வந்தாலும் முதலில் சாவியை வாங்குவார். எங்கள் ஊரில் புத்தர் தாயத்து தொங்காத சாவி ஏது? அதைக் கழற்றி, இரண்டு கையிலும் ஏந்தி நெற்றியில் ஒற்றி, சுவரில் உயரத்தில் இருக்கும் சாமி பலகையில் வைத்துவிட்டுத்தான் வேலையில் இறங்குவார். மசகுக் கை படக்கூடாது, வேலை பார்க்கும்போது முழங்காலுக்குப் பக்கத்தில் சாமி தொங்கக்கூடாது. வேலை முடிந்ததும் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, திரும்ப மாட்டிக் கொடுப்பார். நானும் இதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

புவாலாய் அக்காவின் கார் எங்களிடம் வந்தது மழைக்காலத் தொடக்கத்தில். அது அவள் மகன் அனுவத் வாங்கிய கார். அவன் தன் தாயத்துகளையெல்லாம் ஒரே கொத்தாக அந்தக் கார் சாவியில்தான் கோத்து வைத்திருந்தான். பித்தளைச் சட்டம் போட்ட புத்தர்கள், மந்திரம் எழுதிச் சுருட்டிய தகடுகள், கையில் வாங்கினால் ஒரு பிடி கனம் இருக்கும். ஒரு நாள் காரை வீட்டிலேயே விட்டுவிட்டுச் சிநேகிதனின் மோட்டார் சைக்கிளில் போனான். மலைப்பாதை வளைவில் லாரி அடித்துவிட்டது. சாவிக்கொத்து வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது அவன்கூட இருந்திருந்தா அவன் போயிருக்க மாட்டான்" என்று அக்கா சுடுகாட்டிலேயே சொன்னாள். இனிமேல் அந்தக் கொத்து அந்தச் சாவியை விட்டுப் பிரியாது என்றும் சொன்னாள்.

அவள் புருஷன் தோங்கம் அண்ணனுக்கு சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு தடவை பட்டணத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பண்ண வேண்டும். ஒரு தடவை தவறினால் முகம் வீங்கும், இரண்டு தடவை தவறினால் மூச்சு வாங்கும். மகனின் காரில் அக்காதான் ஓட்டிக்கொண்டு போவாள். அந்தக் கார்தான் திடீர் திடீரென்று கிளம்ப மாட்டேன் என்றது. சாவியைத் திருகினால் சத்தமே வராது. பத்து தடவை திருகினால் ஒரு தடவை பிடிக்கும். சில நாள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் முதல் திருகிலேயே கிளம்பும்.

பிரயூன் பேட்டரியைப் பார்த்தார். வயர்களைச் சுரண்டி இறுக்கினார். ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பிரித்துப் பூட்டினார். பட்டறையில் அந்த வண்டி ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை, தொட்டால் கிளம்பியது. சூடாக்கி, ஆறவைத்து, மழையில் நனையவைத்து, எப்படிப் பார்த்தாலும் கிளம்பியது. அக்கா வீட்டுக்கு ஓட்டிப் போவாள், இரண்டு நாள் கழித்து கண்கலங்கிக்கொண்டு வருவாள்.

என் கடையில் சாப்பிட வருகிறவர்களுக்கு இது நல்ல தமாஷாகிவிட்டது. "பிரயூன் மூஞ்சியப் பார்த்தாலே வண்டிக்கு நோய் ஓடிப்போயிடுது. பேசாம இவரையே பின் சீட்ல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போங்க!"

"தின்ன வந்தா தின்னுட்டுப் போங்கய்யா. அடுத்த வாய் சூப்பு கொதிக்கக் கொதிக்க ஊத்திடுவேன்" என்றேன். உள்ளே எனக்கும் எரிச்சல்தான். இவர் ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே யோசிப்பார், பிசைந்தது அப்படியே இருக்கும்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? செத்துப்போன மகன்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறான் என்று கிளப்பிவிட்டார்கள். அக்கா முன் சீட்டில் இலையில் சோறு வைத்துக் கெஞ்ச ஆரம்பித்தாள். ஒரே வாரத்தில் இரண்டு தடவையும் வண்டி கிளம்பாமல் போனபோது, அடுத்த வீட்டுக்காரரின் டிரக்கில் தோங்கம் அண்ணனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பிழைத்து வந்தவர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்.

"இனி எனக்கு ஆஸ்பத்திரி வேணாம். பையன் போகாதேங்குறான். என்னைக் கூப்பிடுறான். விட்டுடு."

அக்கா என் கடைக்கு வந்து இதைச் சொன்னபோது அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நாளைக்கு ஆஸ்பத்திரி முறை. வரமாட்டேன்னுட்டாரு. வண்டி ஒழுங்கா கிளம்பினா ஏதாவது சொல்லி ஏத்திடுவேன். கிளம்பலைன்னா நானும் என்ன சொல்லுவேன், நூவன்?"

மறுநாள் காலையில் பிரயூன் கருவிப்பெட்டியை எடுக்கவில்லை. "அவங்க வீட்டுக்குப் போறேன், வா" என்றார். பட்டறையை விட்டு வெளியே போய் வேலை பார்க்கும் மனிதரே இல்லை. நானும் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடப் போனேன்.

அண்ணனைக் கெஞ்சிக் கூத்தாடி முன் சீட்டில் உட்கார வைத்தோம். பிரயூன் சாவியைத் தொடவில்லை. "அக்கா, தினம் எப்படி எடுப்பீங்களோ அப்படியே எடுங்க" என்றார். சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா சாவியைப் போட்டுத் திருகினாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த சின்ன விளக்குகள் மினுங்கி அணைந்தன. சத்தம் இல்லை.

"பார்த்தியா?" என்றார் தோங்கம் அண்ணன். குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

பிரயூன் தாயத்துக் கொத்தையே பார்த்தார். பிறகு சட்டையில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, சன்னலுக்குள் கைநீட்டி, கொத்துக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து மெல்லத் தூக்கினார். விளக்குகள் எரிந்தன. கையை எடுத்தார், அணைந்தன. மறுபடி தூக்கினார், எரிந்தன.

"கனம். சாவி சுவிட்ச் உள்ள தேஞ்சுபோச்சு. கொத்து கீழ இழுக்குது, தொடுப்பு விட்டுப்போகுது" என்றார். அப்புறம் நெற்றியில் அறைந்துகொண்டார். "நான் ஒவ்வொரு தடவையும் இதைக் கழட்டிப் பலகையில வெச்சுட்டுல்ல பார்த்தேன்! மாட்டிக் குடுக்குறப்போதான் திரும்ப நோயையும் சேர்த்து மாட்டிக் குடுத்திருக்கேன்."

அக்காவின் முகம் வெளிறிப்போனது. "அப்போ எம்புள்ளைதான் அவனோட அப்பனை நிறுத்தியிருக்கான்."

பிரயூன் என்னைப் பார்த்தார். எப்போதும் நான்தானே பேசுவேன்.

ஆனால் பேசியது தோங்கம் அண்ணன். அவர் கைநீட்டி அந்தக் கொத்தைத் தொட்டார்.

"அவன் நிறுத்தலடி. பாவம், அவனை நாமதான் இதுல தொங்க விட்டிருக்கோம். கழட்டு."

"மாட்டேன். அன்னிக்கு இது இல்லாமதான் அவன் போனான். இன்னிக்கு நீங்களும் இல்லாமப் போகணுமா?"

"இல்லாமப் போறேன்னு யாரு சொன்னது?" என்று அவர் வீங்கிய கழுத்தை அவள் பக்கம் குனிந்து காட்டினார். "என் கழுத்துல மாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

அக்காவால் வளையத்தை நெகிழ்த்த முடியவில்லை. பிரயூன் அதைப் பிரித்துக் கொடுத்தார். நான் தலைமுடி கட்டியிருந்த நாடாவை அவிழ்த்துக் கொடுத்தேன். அதில் கோத்து அண்ணனுக்குக் கட்டிவிட்டாள். கட்டி முடித்ததும் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, மகன் செத்த நாளில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். அவர் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, "நேரமாச்சு, எடு" என்றார்.

வெறும் சாவியைத் திருகினாள். முதல் திருகிலேயே வண்டி கிளம்பியது.

மறுநாள் பிரயூன் சுவிட்சை மாற்றினார். அந்தக் கார் அதற்கப்புறம் ஒரு நாளும் நிற்கவில்லை. தோங்கம் அண்ணன் அடுத்த குளிர்காலம்வரை இருந்தார், தன் கட்டிலில், தூக்கத்தில் போனார். கொத்து இப்போது அக்கா கழுத்தில் இருக்கிறது.

போன மாதம் எண்ணெய் மாற்ற வந்தாள். சாவியை நீட்டினாள். அதில் ஒரு தாயத்தும் இல்லை, தகடும் இல்லை. பிரயூன் அதை இரண்டு கையிலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

"அதுலதான் ஒண்ணுமில்லையே, யாரைக் கும்பிடுறீங்க?" என்று நான் கேட்டேன்.

"அந்தப் பையனை" என்றார்.