கார்டிசால் வளர்த்த வயிறு

முதலில் முகம் உருண்டது. கன்னம் சிவந்து பளபளத்தது. ஜவ்வாது மலையில் சாமைச் சோறும் களியுமாக வளர்ந்த எங்களுக்குச் சதை பிடிப்பது அபூர்வம். அதனால் என் நோயை ஊரே பாராட்டியது. சந்தையில் பார்த்தவர்களெல்லாம் நின்று, என்ன சாப்பிடுகிறாய் என்று விசாரித்தார்கள்.

பிறகு மாதவிலக்கு நின்றது. கைகால் மெலிந்தாலும் வயிறு முன்னால் தள்ளியது. அடிவயிற்றில் ஊதா நிற வரிகள் ஓடின. கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாதவளுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? கர்ப்பப் பரிசோதனை அட்டையில், இல்லை என்பதற்கான ஒரே கோடுதான் வந்தது. மாமியார் அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் குப்பையில் எறிந்தார்.

"அட்டைக்கு இன்னா தெரியும்? அதான் வயிறே சொல்லுதே."

நான் அங்கன்வாடிப் பணியாளர். கர்ப்பிணிகளை எடைபோட்டுச் சத்துமாவு கொடுப்பது என் வேலை. உனக்குத் தெரியாதா என்று கேட்பவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும். அவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கின்றன.

மனைவி முழுகாமல் இருக்கும்போது கணவன் சவரம் செய்யக் கூடாது என்பது எங்கள் வழக்கம். என் கணவர் வேலு அன்றிலிருந்து தாடியைத் தொடவில்லை. புளி உலுக்க மரமேறுவதையும் நிறுத்திவிட்டார். "நான் வுழுந்து தொலைச்சா புள்ளைய யாரு பாக்கறது?" என்றார். அவருடைய தாடியைக் கேலி செய்துகொண்டே நான் சந்தோஷமாக இருந்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இல்லை.

ஒருநாள் குழந்தைகளுக்குச் சோறு போடக் குந்தியவள் எழுந்திருக்க முடியாமல் தரையைப் பிடித்துக்கொண்டேன். தொடையில் வலுவே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ரத்த அழுத்தத்தைப் பார்த்ததும் திருப்பத்தூருக்கு அனுப்பினார். அங்கே எடுத்த ஸ்கேனில் கருப்பை காலியாக இருந்தது. வேலூருக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

வேலூரில் பரிசோதனைகள் முடிந்ததும் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி. அதனால் கார்டிசால் (உடல் நெருக்கடியைத் தாங்கச் சுரக்கும் நீர்) பல மடங்கு ஏறியிருந்தது. முகத்தை உருட்டியது, வயிற்றை வளர்த்தது, மாதவிலக்கை நிறுத்தியது எல்லாம் அதுதான்.

"அப்ப புள்ள?" என்றார் வேலு.

"புள்ள இல்லீங்க. இருந்ததே இல்ல."

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் வேலு வெளியே போய்விட்டு வந்தார். மழித்த தாடை வெளுத்துக் கிடந்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன். உருவாகவே உருவாகாத பிள்ளைக்கு எங்கள் வீட்டில் நடந்த கருமாதி அது ஒன்றுதான்.

கட்டியை எடுத்துவிட்டார்கள், பீடை விட்டது என்றிருந்தேன். பட்ட காலிலே படும் என்பது பொய்யா? கட்டி அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டிருந்ததில் மறுபக்கத்துச் சுரப்பி வேலை மறந்து தூங்கிவிட்டது. அளவுக்கு மீறி இருந்த கார்டிசால் இப்போது இல்லவே இல்லை. அதுவரை அடங்கியிருந்த தைராய்டு கோளாறும் தலைதூக்கியது (கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மந்தமாகிவிட்டது). தோல் உரிந்தது, முடி கொட்டியது, எலும்பெல்லாம் வலித்தது.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கார்டிசாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக ஒருவேளைகூட நிறுத்தாதீர்கள். அதை விட்டுவிட்டுத் தைராய்டு மாத்திரையை மட்டும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்தால் எவ்வளவு கூட்டிப் போட வேண்டும் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வாந்தி நிற்காவிட்டால் உடனே ஊசி போட்டாக வேண்டும். மழை வலுத்தால் எங்கள் மலைக்குப் பஸ் வராது. வானம் இருட்டினாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

வயிறு வற்றியதும் கரு கலைந்துவிட்டது என்று ஊர் பேசியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நானும் விளக்கம் சொல்லி அலுத்துவிட்டேன்.

வேலூருக்குப் போகும்போதெல்லாம் வேலு கடைசியாக ஒரு கேள்வி கேட்பார். "புள்ள பொறக்குமாங்க?" மாதவிலக்கு திரும்பட்டும், தைராய்டு ஒரு நிலைக்கு வரட்டும், பேசலாம் என்பார் டாக்டரம்மா. வருடங்கள் போயின. எனக்கு நாற்பது நெருங்குகிறது.

போன தடவை ரத்த முடிவுகளைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா மெதுவாகத்தான் சொன்னார். சுரப்பி இன்னும் விழிக்கவில்லை. மாதவிலக்கும் இனித் திரும்பும் என்று தோன்றவில்லை. நான் வேலுவின் முகத்தைப் பார்த்தேன்.

"மாத்திரை இதேதானுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் எழுந்துகொண்டார்.

கணியம்பாடி தாண்டிப் பஸ் மலைப்பக்கம் திரும்பும்வரை நான் பொறுத்திருந்தேன்.

"இன்னாத்துக்கு இன்னிக்கிக் கேக்கல?"

"கேட்டுக் கேட்டு உன்னியதான் நோகடிக்கிறேன். வுடு."

அவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை.

காலையில் மனிதரை எழுப்பிவிடுவது கார்டிசால்தானாம். என் உடம்பில் அது இல்லாததால் கண் விழித்தும் உடல் விழிக்காமல் கிடக்கிறேன். விரல்கூட என்னுடையது போல் இல்லை. மற்றவர்களுக்கு விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு விடிகிறது. வேலு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நான் எழுந்து உட்கார்ந்ததும் காட்டுக்குப் போவார். அவர் இப்போது காத்திருப்பது நான் எழுவதற்கு மட்டும்தான்.