சரணடைந்தவர்களை வெட்டியவர்

வில்லியனூரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் ஞாயிறு மதியங்களில் ஐந்து பேர் கூடி விளையாடுவோம். நான் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு போவேன். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டி அதை நடத்துவார்கள். அவர்களில் ஒருவர் கம்பெனி செக்யூரிட்டி. நாற்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். சீருடையோடே வருவார். பகடையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உருட்டுவார்.

அவரால் ஒரே ஒரு தொல்லைதான். கதையில் எதிரி ஆயுதத்தைக் கீழே போட்டுக் கும்பிட்டாலும் வெட்டிவிடுவார். யார் கெஞ்சினாலும் கேட்கமாட்டார். ஒருநாள் சரணடைந்த கிழவன் ஒருவனை அவர் வெட்டியதும், எங்களோடு விளையாடிய நர்ஸ் பெண் அழுதுகொண்டே எழுந்து போய்விட்டாள்.

நான் அவரை மாடிப்படிக்கு அழைத்துப் போனேன்.

"இன்னாண்ணா இது? கும்புடறவனப் போயி வெட்டறீங்களே. இது வெறும் வெளாட்டுண்ணா."

"தெரியும்பா. அதனாலதான் இங்க வெட்டறேன்."

"புரியலண்ணா."

"ஒருத்தன் என் கால்ல வுழுந்து அழுதான். மன்னிச்சி வுட்டுட்டேன். இப்பவும் எங்க தெருவுலதான் இருக்கான். தெனம் என்னப் பாத்து சிரிக்கறான்."

அவன் என்ன செய்தான் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

"இனிமே வராதீங்கண்ணா" என்றேன்.

"சரிபா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த வாரமே நர்ஸ் திரும்பி வந்துவிட்டாள். விளையாட்டும் தொல்லையில்லாமல் நடக்கிறது. நான்தான் தினமும் காலையில் பேப்பரைப் பிரித்ததும், எங்கள் ஊர்ப் பக்கம் கொலை ஏதும் நடந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன்.