கண்ணாடி இறங்கிய காரணம்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு பிரேக் மாஸ்டர் என்று பெயர். கற்பவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும், அவர் காலடியில் இன்னொன்று இருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் அவர் உட்கார்ந்த எந்த வண்டியிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. காலுக்கு ஓய்வு கிடைத்தாலும் வாய்க்குக் கிடையாது.

"கிளட்ச்ச மெதுவா விடுங்க. ஆமையாப் போனா பரவால்ல, ஆட்டுக்குட்டியாத் துள்ளக் கூடாது."

ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் கற்பவர்கள் தங்கள் பக்கக் கண்ணாடியை இறக்கிவிடுவார்கள். ஏசி ஓடினாலும் இறக்குவார்கள். புதுசு, பயத்தில் வியர்க்கிறது என்று அவராகவே ஒரு காரணம் வைத்திருந்தார்.

மகளுக்குப் பதினெட்டு முடிந்தது. அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தர, அவள் பிறந்த நாளிலிருந்தே மனிதர் காத்திருந்தார். அவளோ சாப்பிடும்போது, "நான் வேற டிரைவிங் ஸ்கூல்ல சேந்துக்கிறேன்ப்பா" என்றாள்.

"ஏன், எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு எவனாவது சொன்னானா?"

"அதில்லப்பா." அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவிதான் போட்டு உடைத்தாள். "வாய் நாறுதுங்க. ரெண்டு வருஷமா. எப்படிச் சொல்றதுன்னு நானும் முழுங்கிக்கிட்டே இருந்தேன்."

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை முதல் ஆள் கண்ணாடியை இறக்கியபோதுதான் எல்லாம் தெரிந்தது. அன்றைக்கு வண்டிக்குள் அவர் பேசியது பத்து வார்த்தை இருக்கும்.

வயிறுதான் கெட்டிருக்கிறது என்று அவரே முடிவு செய்தார். தானாகவே கடையில் வாங்கி ஒரு மாதம் வயிற்று மருந்து குடித்தார். சட்டைப்பை நிறையப் புதினா மிட்டாய். கண்ணாடி இறங்குவது மட்டும் நிற்கவில்லை. கடைசியில் மனைவி பல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"உள்ள ஏதோ அழுகுது போல டாக்டர்" என்றார். ஒரு மாதமாக மனதில் வைத்துப் புழுங்கியது அது.

"பெரும்பாலும் இது வாயிலேர்ந்து வர்றதுதான். வேலை நேரத்துல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"குடிக்கவே மாட்டேன். காலைல ஆறுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் வரிசையா ஆளு. நடு ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு ஒதுங்க எங்க போறது?"

"அவ்வளவு நேரமும் பேசுவீங்களா?"

"நிறுத்த மாட்டாரு" என்றாள் மனைவி.

"வாய் காஞ்சு போனா எச்சில் எதையும் கழுவாது. கிருமிக்குக் கொண்டாட்டம். நீங்க சர்க்கரை மிட்டாய் வேற போட்டு வளக்கிறீங்க."

டாக்டரம்மா கடைவாய்ப் பற்களின் இடுக்கில் மெல்லிய நூலை விட்டு இழுத்து, அவர் மூக்கருகே நீட்டினார். மாஸ்டர் நாற்காலியிலேயே பின்னால் சாய்ந்தார்.

"இது என்னுதா?"

"சாட்சாத் உங்களுது. பிரஷ் அங்க போகாது. ஈறும் வீங்கியிருக்கு, நாக்குல வெள்ளையாப் படிஞ்சிருக்கு. சுத்தம் பண்ணிடலாம். நாலு வாரத்துல குறையலன்னா வேற காரணம் தேடுவோம்."

படிக்கட்டில் இறங்கும்போது அவருக்கு உடம்பே லேசாக இருந்தது. "ஒரு நூலுல முடியுற வேலைக்கா நான் உயில் எழுதுற அளவுக்குப் போனேன்" என்றார். மனைவி சிரித்த சிரிப்பில் வரவேற்பறைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

இரண்டு தடவை போய்ப் பற்களைச் சுத்தம் செய்துகொண்டார். தினமும் படுக்கப் போகும்முன் நூல், நாக்கை மெல்ல வழிப்பது. காலை வகுப்புகளுக்கு நடுவே, பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தித் தண்ணீரும் கழிப்பறையும். பத்து நிமிடம் வீண் என்று முதலாளி முணுமுணுத்தார். மாஸ்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான்காவது வாரம் ஒரு வங்கிக்காரர் முக்கால் மணி நேரம் கண்ணாடியைத் தொடாமல் ஓட்டினார். அவருக்கு ஜலதோஷம், மூக்கு அடைத்திருக்கும் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் தானாகவே ஓட்டிப் பழக வண்டிச் சாவியைக் கேட்டாள். அவள் பக்கத்துக் கண்ணாடி ஏற்கெனவே பாதி இறங்கியிருந்தது. மாஸ்டர் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கையால் கியரைக் காட்டினார்.

"ஏம்ப்பா, ஊமைப் படமா ஓட்டுறீங்க? கிளட்ச்ச எப்ப விடணும், சொல்லுங்க."

அவர் அவள் பக்கம் சாய்ந்து சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே, வெளியே தூசி என்று சொல்லிக் கண்ணாடியை மேலே ஏற்றினாள். வண்டி ஆட்டுக்குட்டியாகத் துள்ளி நின்றது.

அன்றைக்கு ஒரு மணி நேரம் அவர் வாய் மூடவே இல்லை.