அட்டை ஏறாத கால்

போன வருடம் அடைமழைக் காலத்தில் நடந்தது இது. லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். மழை பிடித்துவிட்டால் எங்கள் மலையில் அட்டைகளுக்குக் கொண்டாட்டம்தான். அட்டை ஏறாமலிருக்க எல்லாரும் காலில் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துக்கொண்டு போவார்கள். அப்போதெல்லாம் நான் மட்டும் வலது காலோடு நிறுத்திக்கொள்வேன். இடது காலில் கொஞ்ச காலமாகவே அட்டை ஏறாமல் இருந்தது.

“ஒன் காலுக்கு மட்டும் சாமி காவலாடி?” என்று கூடப் பறிக்கிறவர்கள் கேட்பார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அந்தக் காலின் பெருவிரலில் வந்த புண் ஆறாமல் கறுத்துப்போனது. சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை வியாதி, வேறு இருப்பதால், கணவர் விடாப்பிடியாக டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இப்படியே விட்டால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார் டொக்டரம்மா. கால் போனால் மலை ஏற முடியாது.

படுக்கவைத்து, கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பட்டி சுற்றினார். பசை தடவி, பேனா மாதிரி ஒன்றைக் கையில் வைத்ததும் பக்கத்துப் பெட்டியிலிருந்து ‘உஷ், உஷ்’ என்று சத்தம் வந்தது.

“ஒங்க ரத்தம் ஓடுற சத்தம்மா அது.”

ஜன்னலுக்கு வெளியே ஒரே பனிமூட்டம். உலகத்தில் அந்தச் சத்தமும் நானும் மட்டும் இருப்பதுபோல இருந்தது. வலது காலிலும் நன்றாகக் கேட்டது. இடது காலில், யாரோ தூரத்தில் நடந்து போவதுபோல லேசாக வந்து அடங்கிவிட்டது.

“இந்தக் கால் இவ்வளவு சில்லுன்னு இருக்கே, தெரியலையாம்மா?”

“மலையில எல்லாருக்கும் கால் சில்லுன்னுதாங்க இருக்கும்” என்று அட்டைக் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அட்டை சூடு தேடித்தாம்மா வரும். இந்தக் காலுக்கு ரத்தமே சரியா வரல.”

கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே ரத்தக் குழாயின் அடைப்பை நீக்கிவிட்டு மறுபடி அளந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். இடது காலிலிருந்து, மழைத் தண்ணீர் மலைக் கான் வாய்க்காலில் இறங்குவதுபோல அந்தச் சத்தம் வந்தது. பேனாவை எடுத்து அது நின்ற பிறகும் எழுந்திருக்க மனமில்லை.

புண் ஆறி மலைக்குத் திரும்பிய பிறகு, ஒரு மழை நாளில் இடது கால் அரித்தது. குனிந்து பார்த்தால் அட்டை. பக்கத்தில் நின்றவள் அதன்மேல் போட உப்பை எடுத்தாள்.

“கொஞ்சம் இருடி, குடிச்சிட்டுப் போகட்டும்” என்றேன்.

அட்டை கடித்ததற்கு ஏன் அழுகிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. இப்போதெல்லாம் இரண்டு காலுக்கும் சவர்க்காரம் தடவுகிறேன். இடது காலைத் தொடும்போது அந்தச் சத்தம் எனக்குள் கேட்கிறது, இந்தக் கால் இன்னும் என்னோடு இருக்கிறதே என்று மனது நிறைந்துபோகிறது.