ஆரையம்பதியில் ஒரு சத்தியக் கடதாசி

காலை 7.20. மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் கல்முனை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் பிடித்தேன். ஆரையம்பதி எட்டு கிலோமீட்டர் இருக்கும், அறுபது ரூபாய். நான் தூத்துக்குடிக்காரி. பிரான்ஸில் முனைவர் பட்டத்துக்கு உவர்நீரை ஆராய்கிறேன். கடலோடு சேரும் மட்டக்களப்பு வாவியில் தண்ணீர் மாதிரி எடுக்கத்தான் வந்தேன். ஆனால் முதல் நாளை ஆய்வுக்கூடத் தோழி சுலோசனாவுக்குக் கொடுத்துவிட்டேன். ஆரையம்பதி அவளுடைய ஊர்.

வெளிநாட்டிலிருந்து பிரான்ஸுக்குப் போய்ச் சம்பளத்துக்கு ஆய்வு செய்கிற எங்களுக்கு, மாதாமாதம் சமூகப் பாதுகாப்புக்கென்று ஒரு தொகை பிடிப்பார்கள். பதிலுக்கு வைத்தியச் செலவில் பெரும்பகுதியை அரசுக் காப்பீடு ஏற்கும். அதற்கு நிரந்தர எண் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் பார்த்துத்தான் தருவார்கள். சுலோவிடம் இருப்பது தற்காலிக எண். அடுத்த மாதம் அவள் கழுத்துக் கட்டிக்கு அறுவை சிகிச்சை. அதற்குள் எண் வராவிட்டால் முழுச் செலவையும் கையிலிருந்து கட்ட வேண்டும், இல்லையேல் நாளைத் தள்ள வேண்டும். கட்டி தள்ளிப்போகுமா? “அம்மாட்ட ஒப்பரேசன் கதை மட்டும் எடுத்திராத” என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள்.

எண் ஏன் வரவில்லை? பதிவுப் படிவத்தில் ‘பிறந்த குடும்பத்தின் பெயர்’ என்றொரு கட்டம். அப்பா பெயரைப் போட்டுத் தொலைப்பதுதானே! நான் அப்படித்தான் செய்தேன். இவள் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். அம்மாவும் தயங்காமல் தங்கள் குடியின் பெயரைச் சொல்லிவிட்டார். மட்டக்களப்பில் குடி என்பது தாய் வழியாக வருவது. கோயில் உரிமையும் கல்யாணப் பேச்சும் அதைப் பார்த்துத்தான் நடக்கும், ஆனால் எந்தச் சான்றிதழிலும் அது இருக்காது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், காப்பீட்டில் அம்மாவின் குடி. இது ஒரு ஆளா, இரண்டு ஆளா என்று அங்கே யாரோ முழிக்க, கோப்பு அப்படியே நின்றுவிட்டது.

கல்லடிப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் காத்தான்குடி. தெரு நடுவே வரிசையாகப் பேரீச்சை மரங்கள். பக்கத்தில் இருந்த பெரியவரிடம் இவை காய்க்குமா என்று கேட்டேன். காய்க்கும், ஆனால் தின்ன வேண்டுமென்றால் கடையில்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார்.

காலை 8.10. சுலோவின் அம்மா யோகம்மா சந்தையில் இறால் விற்பவர். எனக்காக அன்று போகவில்லை. இடியப்பமும் இறால் சொதியும் வைத்து, போதும் போதும் என்றாலும் விடாமல் போட்டார். தன்னால்தான் மகளுடைய வேலை கெட்டதென்று அவருக்கு ஒரே மன வருத்தம். நான் சமாதானம் சொல்லிக்கொண்டே தின்றேன்.

பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழ் ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. மீதி இருந்தது சத்தியக் கடதாசி, அந்தப் பெயர்க் குழப்பம் பற்றித் தாய் சத்தியம் செய்து தரும் தாள். பதினொன்றரை மணிக்கு, அதை எழுதி உறுதிப்படுத்தும் சமாதான நீதவான் வீட்டுக்குப் போனோம். ஓய்வுபெற்ற தபாலதிபர், நிதானமானவர். எழுதியதை வாசித்துக் காட்டினார்: மேற்படி குடிப்பெயர் என் மகளுடையது அன்று.

யோகம்மா பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

“பிழையாச் சொல்லிட்டன் எண்டு எழுதுங்க, ஒப்பம் வைக்கிறன். அது அவளுடையதில்ல எண்டு சத்தியம் பண்ண ஏலாது. என்ட வயித்தில பிறந்த பிள்ளைக்குக் குடியில்லையா?”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒரு வரிக்கு இத்தனை பாடா! தபாலதிபர் கோபப்படவில்லை. வேறொரு தாள் எடுத்து, அது தாய்வழிக் குடியின் பெயர், பதிவுப் பெயரில் சேராது என்று விளக்கமாக எழுதினார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் இந்த விளக்கத்தைப் படித்து அங்கே மறுபடி கேள்வி கேட்டால் இன்னும் இரண்டு மாதம் போய்விடும், அவ்வளவு பொறுக்க முடியாது என்றேன். எந்தத் தாளில் வேலை உடனே முடியும் என்று யோகம்மா கேட்டார். முதல் தாள் என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார்.

“இந்த நம்பர் ஆசுப்பத்திரிக்கா, மகள்?”

நான் பிறப்புச் சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“மூணு மாசமாப் போன்ல குரல் கரகரக்குது. சளி, தடிமன் எண்டுறாள். எந்தத் தடிமன் மூணு மாசம் கிடக்கும்?”

முதல் தாளை இழுத்து ஒப்பம் வைத்தார். எழுத்து எழுத்தாக, அழுத்தி வைத்தார். கொஞ்சம் முன்னால் கோபப்பட்டதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். “எனக்குத் தெரியும் எண்டு அவளுக்குச் சொல்லிராதிங்க. நான் அழுவன் எண்டுதான் மறைக்கிறாள். மறைச்சிட்டுப் போகட்டும்” என்றார். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பிற்பகல் 1.15. திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். தூத்துக்குடியில் என் அம்மாவிடம் எந்தப் படிவத்துக்கும் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு நிரந்தர எண் சிக்கலில்லாமல் வந்தது. அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று தோன்றியது.

பாலத்தை நெருங்கும்போது சுலோ அழைத்தாள். அம்மா ஒப்பம் வைத்தாவா, ஏதும் கேட்டாவா என்றாள். வைத்துவிட்டார், ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

“நல்ல காலம். அந்த மனிசிக்கு இதொண்டும் விளங்காது” என்று சிரித்தாள்.

ஆமாம் என்றேன். இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.